ஒரிஜினல் என்றொரு சொல்

அப்பாவின் வாட்சை மேஜையில் வைத்ததும் அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. முதலில் சட்டைப்பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார்.

பெங்களூரு இந்திரா நகரில் ஒரு காபிக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாட்ச் சேகரிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். பெரும்பாலும் என்னைப் போன்ற ஐ.டி.க்காரர்கள். அவர்தான் எங்களில் மூத்தவர். இருபது வருடமாக எச்.எம்.டி. வாட்ச் மட்டுமே சேகரிப்பவர். தீர்ப்புச் சொல்ல அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"ரீடயல் பாஸ். 'ஜனதா'ங்கிற எழுத்து எவ்ளோ தடிமனா இருக்கு பாருங்க. நிமிஷக் கோடுங்க ஒரே அளவுல இல்ல. செகண்ட் முள்ளு வேற மாடலோடது. பின்மூடில வேற பேரு வெட்டி வச்சிருக்காங்க. பக்கா ஃபிராங்கன். ஐநூறு ரூபாய்க்கு மேல தேறாது."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. சொன்னதில் ஒன்றுகூடத் தப்பும் இல்லை. ஆனாலும் வாட்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டபோது எனக்கு முகம் சூடாகிவிட்டது. அது வாட்சை நினைத்து வந்த வெட்கம் என்றுதான் அப்போது நம்பினேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது, நான் வெட்கப்பட்டது அப்பாவை நினைத்து.

ஒரு பொருளை எடைபோடும் அளவுகோல் எப்படி ஒரு மனிதரை எடைபோடப் போய்விடுகிறது? அந்தக் கேள்வியை விட்டுவிட முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

*

இந்த உலகத்துக்குப் புதியவர்களுக்காகச் சில சொற்கள்.

'ரீடயல்' என்றால் பழைய டயலைச் சுரண்டி மறுபடி பெயிண்ட் அடித்து எழுத்துகளை அச்சிட்டது. 'ஃபிராங்கன்' என்பது ஃபிராங்கன்ஸ்டைன் கதையிலிருந்து வந்தது. பல செத்த வாட்சுகளின் உறுப்புகளை ஒட்டி உயிர் கொடுத்த ஒன்று. இதில் இந்தியாவுக்கென்று ஒரு தனிப் பெயரே உண்டு: 'மும்பை ஸ்பெஷல்'. பழைய எச்.எம்.டி., சைக்கோ வாட்சுகளுக்குக் கம்பெனி ஒருபோதும் போடாத நிறங்களில் டயல் அடித்து, பளபளவென்று பாலிஷ் போட்டு, பழைய வாட்ச் என்று இணையத்தில் உலகம் முழுக்க விற்பார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியாவிலிருந்து வரும் எந்தப் பழைய வாட்சையும் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுதான் காரணம். அந்தச் சந்தேகம் நியாயமானது.

எச்.எம்.டி.யின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அரசு நிறுவனம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன் என்று மாடல்கள். இவற்றில் ஜனதா பெயருக்கேற்ற மாதிரி ஜனங்களின் வாட்ச். தினமும் சாவி கொடுக்க வேண்டும். தேதி காட்டாது. 17 ஜுவல். 1987-இல் ஓசூரிலிருந்து டைட்டன் பேட்டரி வாட்சுகள் வர ஆரம்பித்ததும் எச்.எம்.டி.யின் காலம் முடியத் தொடங்கியது. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதன் வாட்ச் நிறுவனத்தை மூட ஒப்புதல் தந்தது. ஒரு பொருள் இனி வராது என்று தெரிந்ததும் என்ன நடக்குமோ அது நடந்தது. அதுவரை பீரோவுக்குள் கிடந்த ஜனதாக்கள் 'விண்டேஜ்' ஆயின.

நானும் அப்போதுதான் இதற்குள் வந்தேன். மூன்று வருடத்தில் பதினோரு வாட்ச். எந்த வருட டயலில் எழுத்து எப்படி இருக்கும், எந்த முள் எந்த மாடலுக்கு என்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன். கோடு படிப்பதைவிட அதிக நேரம் டயல் படித்திருக்கிறேன்.

*

வாட்சின் தரத்தை எப்படி அளப்பது?

இன்ஜினியராக முதலில் தோன்றும் பதில் நேரம்தான். ஜனதாவுக்குள் இருக்கும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. நொடிக்கு 5. ஒரு நாளைக்கு 4,32,000. ஒரு சின்னச் சுருள்வில்லையும் சில பல்சக்கரங்களையும் வைத்துக்கொண்டு இவ்வளவு துடிப்பையும் எண்ணி, நாள் முடிவில் இருபது முப்பது விநாடிகள் மட்டுமே தவறுகிறது. யோசித்தால் மலைப்பாக இருக்கும்.

சுவிஸ்காரர்கள் வாட்ச் இயந்திரங்களுக்கு 'க்ரோனோமீட்டர்' சான்று தருகிறார்கள். 15 நாள், ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில் சோதிப்பார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 4 விநாடி மெதுவாகவோ 6 விநாடி வேகமாகவோ போகலாம். அதற்குமேல் தவறினால் சான்று இல்லை. லட்சக்கணக்கில் விலைபோகும் வாட்சுகள் பெருமையோடு போட்டுக்கொள்ளும் சான்று இது. ஆனால் 1989-இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ என்ற பிளாஸ்டிக் வாட்ச் ஒரு மாதத்துக்கே 30 விநாடிதான் தவறும். பிளஸ் டூ படிக்கும்போது நான் கட்டியிருந்தது அதுதான். நேரம்தான் தரம் என்றால், 1969 டிசம்பர் 25-ஆம் தேதி சைக்கோ தன் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்த அன்றே இந்தப் போட்டி முடிந்துபோய்விட்டது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும் ஒரு படிகத்தோடு நொடிக்கு ஐந்து முறை துடிக்கும் சக்கரம் எப்படிப் போட்டி போடும்?

சரி, ஜுவல்? டயலில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருப்பதை ஏதோ நவரத்தினம் மாதிரி நினைத்த தலைமுறை உண்டு. என் பாட்டி அப்படித்தான் நம்பினார். உள்ளே இருப்பது செயற்கை ரூபி. அச்சுகள் சுழலும் இடத்தில் தேய்மானம் வராமல் இருக்க வைப்பது. சாவி கொடுக்கிற சாதாரண மூன்று முள் வாட்சுக்கு 17 போதும். 1960-களில் 100 ஜுவல் என்று போட்டு விற்ற கம்பெனிகள் இருந்தன. அதில் பெரும்பாலானவை எந்த வேலையும் செய்யாமல் சும்மா பதித்து வைத்தவை. எண்ணிக்கை கூடினால் தரம் கூடும் என்று நாம் நம்புவது விற்கிறவருக்கு எப்போதும் வசதி.

இதெல்லாம் போக மிஞ்சுவது வேலைப்பாடு. முள்ளின் விளிம்பு கூர்மையாக வெட்டப்பட்டிருக்கிறதா? டயலில் அச்சு மைபடிந்து பிசிறாமல் இருக்கிறதா? சாவி கொடுக்கும்போது பற்கள் ஒரே சீராகப் பிடிக்கின்றனவா? கேஸின் முனைகளைப் பாலிஷ் போட்டு மழுக்கிவிட்டார்களா? இவற்றைப் பார்க்கக் கண் பழக வேண்டும். பழகியபின் கிடைக்கும் சந்தோஷம் உண்மையானது. ஒரு வாக்கியத்தில் சொல் சரியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்கு அது ரொம்பத் தூரமில்லை. அதை நான் மறுக்கவே மாட்டேன். சேகரிப்பாளர்கள் எல்லோரும் பணப்பைத்தியங்கள் என்று எழுதுவது சுலபம், ஆனால் பொய்.

என் புகார் வேறு. இந்தக் கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்பும் சந்தையில் சொல்லப்படும் தீர்ப்பும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகின்றன: 'ஒரிஜினல்'. இரண்டும் ஒன்றுதான் என்று நம்மை நம்பவைப்பது அந்தச் சொல்தான்.

*

சந்தை எப்படித் தீர்ப்புச் சொல்கிறது என்று பார்ப்போம்.

2016-இல் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் படேக் ஃபிலிப் 1518 என்ற வாட்ச் 1.1 கோடி சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது. அதே மாடலில் தங்கத்தில் செய்தவை அதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். இது துருப்பிடிக்காத எஃகு. எஃகில் செய்தவை நான்குதான் இருப்பதாகத் தெரியும் என்பதால், எஃகு தங்கத்தை வென்றது. சரி, அரிதான பொருளுக்கு விலை அதிகம். அதில் ஆச்சரியமில்லை.

'ட்ராப்பிகல்' டயல் என்று ஒன்று உண்டு. கறுப்பாக இருந்த டயல், பெயிண்டில் இருந்த குறையாலும் வெயிலாலும் காலப்போக்கில் பழுப்பாக மாறிப்போவது. அந்தக் காலத்தில் வாங்கியவர் கம்பெனியிடம் சண்டைக்குப் போயிருக்க வேண்டிய குறை. இன்று அதே பழுப்புக்குக் கூடுதல் விலை. ஆக, குறையும் மதிப்பாகலாம்.

2017 அக்டோபரில் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு விற்றது. அதன் பின்மூடியில் அவர் மனைவி ஜோன் வுட்வர்ட், பார்த்து வண்டி ஓட்டு என்ற பொருள்படும் ஒரு வாசகத்தை வெட்டிக் கொடுத்திருந்தார். அந்த எழுத்துகள் அந்த வாட்சின் மதிப்பைக் கூட்டின.

இங்கேதான் நான் நின்றேன். அப்பாவின் ஜனதாவின் பின்மூடியிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. 1983 ஆவணியில் கல்யாணத்துக்குத் தாத்தா போட்ட வாட்ச். 'அன்பளிப்பு' என்ற சொல், தாத்தாவின் இனிஷியல், தேதி. கோணல்மாணலாக, திருவிழாக் கடையில் எவர்சில்வர் தட்டில் பேர் வெட்டுகிறவர் வெட்டின மாதிரி. காபிக் கடையில் நண்பர் இதைக் குறைகளின் பட்டியலில்தான் சேர்த்தார். மனைவி கணவனுக்கு வெட்டினால் வரலாறு. மாமனார் மருமகனுக்கு வெட்டினால் டேமேஜ். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே வித்தியாசம், கட்டியிருந்தவரை எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான்.

இன்னொரு சம்பவம். 2021 நவம்பரில் ஜெனீவாவில் 1957-ஆம் வருடத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. ட்ராப்பிகல் டயல் வேறு. வாங்கியது ஒமேகா கம்பெனியே, தன் மியூசியத்துக்காக. 2023-இல் உண்மை வெளியே வந்தது. பெரும்பாலும் ஒமேகாவின் பழைய பாகங்களையே சேர்த்து உருவாக்கிய ஃபிராங்கன் அது. தன் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கு இதில் பங்கிருப்பதாக ஒமேகாவே சொன்னது. அந்த வாட்சைச் செய்த கம்பெனியாலேயே தன் வாட்சை அடையாளம் காண முடியவில்லை! அந்த வாட்ச் அன்றைக்கும் ஓடியது, மறுநாளும் ஓடியது. ஒரு பல்சக்கரம்கூட மாறவில்லை. மாறியது அதைப் பற்றிய கதை மட்டும்.

இதை மோசடி இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இது மோசடியேதான். ஒரு பொருள் எதுவாக இல்லையோ அதுவாகச் சொல்லி விற்பது. ஆனால் குற்றம் இருப்பது சொன்ன பொய்யில். பாகங்கள் மாறியதில் இல்லை. நம் சேகரிப்பாளர் மொழி இந்த இரண்டையும் பிரிப்பதே இல்லை. ஏமாற்றுவதற்காக மாற்றியதும் ஓட வேண்டும் என்பதற்காக மாற்றியதும் அதற்கு ஒரே ஃபிராங்கன்தான்.

*

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தார். நூல் அறுந்துபோகாமல் இருக்க ஆலைக்குள் எப்போதும் காற்றை ஈரமாக வைத்திருப்பார்கள். மூன்று ஷிப்ட். ஷிப்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போகும் என்பதால் வாட்ச் அவருக்கு வேலைக்கருவி. ஈரமும் பஞ்சும் சேர்ந்து பத்து வருடத்தில் டயல் புள்ளி விழுந்து, எண்கள் உதிர்ந்துவிட்டன. பஜாரில் இருந்த ரிப்பேர்க்காரர் அதை வெளியூருக்கு அனுப்பி டயல் அடித்து வாங்கிக் கொடுத்தார். செகண்ட் முள் ஒருமுறை உடைந்தபோது கையில் இருந்த ஏதோ ஒரு முள்ளைப் போட்டார். இன்னொரு வாட்ச் வாங்கும் யோசனையே அப்பாவுக்கு வரவில்லை. வந்தாலும் பணம் இருந்திருக்காது.

இப்போது யோசித்துப் பாருங்கள், ஒரு வாட்சை ஒரிஜினலாக வைத்திருக்க யாரால் முடியும்? மாற்றிக் கட்ட இன்னொன்று இருப்பவரால். ஏசி அறையில் வேலை செய்பவரால். வாங்கி, கட்டாமல் பெட்டியிலேயே வைத்தவரால். எங்கள் உலகத்தில் மிக உயர்ந்த தரம் 'நியூ ஓல்ட் ஸ்டாக்' எனப்படும் பழைய புதுசு. அதாவது, ஒருநாள்கூட யாரும் கட்டாத வாட்ச். ஒரு கருவிக்கு நாம் தரும் முதல் மதிப்பெண், அது ஒருநாளும் வேலை செய்யவில்லை என்பதற்காக! ஜனங்களுக்காகச் செய்த வாட்சை எடைபோடும்போது, ஜனங்கள் அதைத் தொட்டதற்கெல்லாம் மதிப்பெண் குறைக்கிறோம். என் முகம் சூடானது இதனால்தான். அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு குறையும் அப்பாவின் பாஸ்புக்கைத்தான் படித்துக்கொண்டிருந்தது.

இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. நம்மிடம் இருக்கும் சங்கப் பாடல்களில் எதற்கும் புலவர் கையால் எழுதிய ஏடு கிடையாது. நம் சீதோஷ்ணத்தில் ஓலை சில நூற்றாண்டுக்கு மேல் தாங்காது. செல்லரிக்கும், உதிரும். அதற்குள் யாரோ ஒருவர் அதைப் பெயர்த்தெழுதினார். எழுதும்போது தவறினார், விடுபட்ட இடத்தைத் தனக்குத் தெரிந்த சொல்லால் நிரப்பினார். 1887-இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் முன் இருந்தவை பிரதிகளின் பிரதிகள்தான். ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. அவர் அவற்றைத் தூக்கியெறியவில்லை. ஒப்பிட்டார். எங்கே எது மாறியிருக்கிறது என்று பார்த்தார். பாடபேதம் என்ற சொல் நமக்கு வசவு இல்லை, ஒரு குறிப்பு. கைமாறி, திருத்தப்பட்டு, ஒட்டுப்போடப்பட்டுத்தான் அந்த நூல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன.

எச்.எம்.டி.க்கும் இனி இதுதான் கதி. புது உதிரிபாகம் வராது. ஒரு ஜனதா ஓட வேண்டுமென்றால் இன்னொரு ஜனதா சாக வேண்டும். இன்னும் முப்பது வருடம் கழித்து ஓடிக்கொண்டிருக்கும் எச்.எம்.டி. பெரும்பாலும் ஃபிராங்கனாகத்தான் இருக்கும். ஒரிஜினல்கள் பெட்டிக்குள் இருக்கும், ஓடாமல்.

ஆகவே ஒரு வாட்சைப் பற்றி நான்கு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். நன்றாகச் செய்யப்பட்டதா? நன்றாக ஓடுகிறதா? தன்னைப் பற்றி உண்மை சொல்கிறதா? எத்தனை பேருக்கு அது வேண்டியிருக்கிறது? கடைசிக் கேள்விக்கான பதில்தான் விலை. அதை முதல் கேள்விக்கான பதிலாகச் சொல்வதுதான் நம் சேகரிப்பு விமர்சனத்தின் அடிப்படைத் தப்பு. மூன்றாவது கேள்வியில் அப்பாவின் வாட்சுக்கு முழு மதிப்பெண் உண்டு. பின்மூடியைக் கழற்றினால் உள்பக்கம் ஊசியால் கீறிய குறிப்புகள் இருக்கின்றன: 91, 94, 97, 2002. ஒவ்வொரு முறை பிரித்துச் சுத்தம் செய்தபோதும் ரிப்பேர்க்காரர் போட்டுவைத்தவை. கோடில் நாங்கள் விடும் கமிட் குறிப்புகளைவிட நேர்மையானவை.

*

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக எழுதுகிறவன் அப்போது என்ன செய்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காபிக் கடை முடிந்த அடுத்த மாதம் நான் ஒரு 'நியூ ஓல்ட் ஸ்டாக்' ஜனதா டயலைத் தேடிப் பிடித்தேன். வாட்சுக்குச் சொன்ன விலையைவிட டயலுக்குக் கொடுத்தது ஜாஸ்தி. சரியான செகண்ட் முள்ளும் கிடைத்தது. எழுத்தில்லாத பின்மூடி மட்டும் அமையவில்லை. சிவாஜி நகரில் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். மாற்றி முடித்துவிட்டு, "பழைய டயல என்ன சார் பண்றது?" என்று கேட்டார். "நீங்களே வச்சுக்கங்க பாய்" என்றேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கொடுத்தேன். பளிச்சென்று இருந்தது. காபிக் கடையில் காட்டியிருந்தால் எல்லோரும் கைகொடுத்திருப்பார்கள். அப்பா கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தள்ளிவைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. யாரோடது?"

"ஒங்களோடதுதாம்ப்பா."

திருப்பிப் பார்த்தார். தாத்தாவின் இனிஷியலைக் கட்டைவிரலால் தடவினார். மறுபடி முன்பக்கம் திருப்பினார். "மொகத்த மாத்திட்டியா" என்றார். கோபமெல்லாம் இல்லை. வெறுமனே விசாரிக்கிற மாதிரி.

பெங்களூரு திரும்பியதும் முதல் வேலையாகச் சிவாஜி நகர் போனேன். பாய் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே அறுபது எழுபது டயல்கள். அதில் ஜனதா பத்துக்கு மேல். பாதிக்குமேல் ரீடயல். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எந்த எழுத்து எந்த வருடத்தது என்று எனக்குச் சொல்லத் தெரிந்தது. எது அப்பாவுடையது என்று தெரியவில்லை. அதை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. அதில் இருந்த தப்புகளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்றைப் படம் எடுத்து அனுப்பினேன். அப்பா போன் செய்தார்.

"மூணும் இல்லப்பா. நம்மளுது ஏழுக்குப் பக்கத்துல ஒரு கோடு கூட இருக்கும். அடிச்சவன் எண்ண விட்டுட்டான்."

"இன்னொரு தடவ தேடிப் பாக்குறேம்ப்பா."

"விடு. இது டைம் சரியா காட்டுதா?"

"நாளைக்கு இருபது செகண்டுதான் கூட ஓடும்."

"பரவால்லியே. அது ரெண்டு நிமிஷம் ஸ்லோ. காலைல ஏழேகால் ரேடியோ நியூஸ் வரும்போது சாவி கொடுத்துத் திருப்பி வச்சிருவேன். முப்பது வருசம் ஒருநாள் ஷிப்டுக்கு லேட்டாப் போனதில்ல."

சர்வர்களின் கடிகாரங்களும் விலகத்தான் செய்யும். அவ்வப்போது வேறொரு கடிகாரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்வதால்தான் இணையமே ஓடுகிறது. அதை நான் தொழிலாகச் செய்கிறேன். அப்பா ரேடியோவை வைத்துச் செய்திருக்கிறார்.

போன வாரமும் பாயின் கடைக்குப் போயிருந்தேன். டின்னில் டயல்கள் கொஞ்சம் குறைந்திருந்தன. "நாலஞ்சு போட்டு அனுப்பிட்டேன் சார், எல்லாம் ஓடுது" என்றார். இப்போது ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் கையில் அது இருக்கலாம். எண்ணிப் பார்த்தால் தெரியும். ஏழுக்குப் பக்கத்தில் ஒரு கோடு கூடுதலாக.